மாப் கணக்கு

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு எண்ணத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆர்ட்டரி, அல்லிஸ் என்கிற இடுக்கிகள் எத்தனை, ஊசி எத்தனை, மாப் எத்தனை. மாப் என்பது வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைசிகிச்சையில் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி. ஐந்தைந்தாகக் கட்டி வரும். ஒரு கட்டைப் பிரித்தால் ஸ்க்ரப்பில், அதாவது டாக்டர் பக்கத்தில் கருவி எடுத்துக் கொடுக்க நிற்பவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி வாய்விட்டு எண்ண வேண்டும். ஃப்ளோரில், அதாவது மேஜையைத் தொடாமல் சுற்றி நின்று உதவும் சிஸ்டர் கூடவே எண்ணி போர்டில் எழுத வேண்டும். ரத்தத்தில் ஊறிவிட்டால் துணி எது, சதை எது என்று கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஒன்றை மாப்பில் சேர்த்திருப்பதே அதற்காகத்தான்.

ஒரு ராத்திரி எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்., அதாவது சிசேரியன். குழந்தை அழுதுவிட்டது, கர்ப்பப்பையைத் தைத்தாகிவிட்டது. போர்டில் 15 என்று இருக்கிறது, என்னிடம் 14. திரும்ப எண்ணினேன், அதே 14. வெளியே அடுத்த கேஸ் காத்திருந்தது. "சரியா எண்ணும்மா, உள்ள ஒன்னும் இல்ல" என்றார் ஆபரேஷன் செய்துகொண்டிருந்த டாக்டர் மேடம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஃப்ளோரில் நின்ற சீனியர் அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "ஒன்னு குறையுது மேடம். கிடைக்கிற வரைக்கும் மூட வேண்டாம்." பக்கெட்டில் தேடினார், நோயாளி மேல் போர்த்திய டிரேப் துணியை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார், கடைசியில் நஞ்சுக்கொடி வைத்திருந்த பேசினில் கையை விட்டார். நஞ்சுக்கு அடியில் ஒட்டிக் கிடந்தது அந்த மாப்.

அந்த அம்மா சில நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இப்படி ஒன்று நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

அன்றிலிருந்து எதையும் எழுதாமல் விட்டதில்லை. யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எமர்ஜென்சி டிராலியில் அட்ரினலின், அட்ரோபின் எத்தனை, எது எந்த மாதம் காலாவதி ஆகிறது, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்ப் எரிகிறதா, ஸ்டோரில் என்ன கேட்டு இன்டென்ட் போட வேண்டும், அடுத்த ஷிஃப்டுக்கு என்ன சொல்ல வேண்டும் எல்லாம் அதில். ஒருநாள் காலை அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு போனதில்தான் ஆக்ஸிடோசின் வைத்திருந்த ஃப்ரிட்ஜ் அணைந்து கிடந்தது தெரிந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த நாங்கள் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான். நினைவை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்யக்கூடாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைசிகிச்சைக்கென்று ஒரு பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 19 வரிகள். மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடத்தில் நின்று கேட்க வேண்டியவை. டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்துப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. அது எங்களிடம் வந்து சேர்ந்தபோது, ஆரம்பத்தில் கேஸ் முடிந்தபிறகு டீ குடித்துக்கொண்டே 19-க்கும் ஒரே மூச்சில் டிக் போட்டோம். நானும் போட்டிருக்கிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. இதே மாதிரி பட்டியலைக் கொண்டுவந்த பிறகும் அங்கே இறப்பிலோ சிக்கல்களிலோ சொல்லும்படியான குறைவு இல்லை. ஏன் என்று பலர் பலவிதமாக விளக்கினார்கள். எனக்கு எங்கள் டீ நேரத்து டிக்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி, தியேட்டரில் நிற்கிற எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது. பலருக்கு அது தேவையில்லாத சடங்காகப் பட்டது. ஒருதடவை எல்லார் முன்னாலும் தன் பெயரைச் சொல்லிவிட்ட சின்னப் பெண்ணுக்கு, "ஒன்னு குறையுது மேடம்" என்று சொல்ல வாய் வரும். எனக்கு அந்த ராத்திரி வரவில்லை.

பிறகு நான் இன்சார்ஜ் ஆனேன். அங்கேதான் ஏதோ பிசகியது. நோட்டு ஒன்று மூன்றானது. செய்து முடித்துவிட்ட வேலையையும் எழுதி, பிறகு அடித்தேன். அடித்த கோடு கோணலாக இருந்தால் பக்கம் முழுவதையும் வேறு தாளில் எழுதினேன். வீட்டில் கேஸ், குழாய், இஸ்திரிப் பெட்டி, பின்கதவு என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். பார்த்துவிட்டு இறங்கி, பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பார்த்தேன். கொடியில் காயும் துணியை ஐந்தைந்தாக எண்ணினேன். ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் நைட் டூட்டியில் இருப்பவர்களுக்கு போன் செய்து, லாரிங்கோஸ்கோப் பேட்டரி பார்த்தாயா என்று கேட்பேன். டிக் போட்டதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

"சிஸ்டர் ரொம்ப கரெக்ட்" என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் மூன்று வருடம் போய்விட்டது. ஒருநாள் ஜூனியர் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, நீங்க போன் பண்ணா எங்களுக்குக் கை நடுங்குது. பாத்ததையே திரும்பத் திரும்பப் பாக்குறோம்." என் பயத்தை நான் அந்தப் பிள்ளைகளுக்கும் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதுதான் என்னை மனநல மருத்துவரிடம் போக வைத்தது.

அவர் முதலில் என் வேலையைப் பற்றித்தான் கேட்டார்.

"கவுன்ட் எத்தனை பேர் எடுப்பீங்க சிஸ்டர்?"

"ரெண்டு பேர் சார்."

"எத்தனை தடவை?"

"ஆரம்பிக்கும்போது, வயிறு மூடும்போது, தோல் தைக்கும்போது. மூணு தடவை."

"சரியா இருந்தா, அப்புறம்?"

"கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது சார்."

"வீட்ல அந்தப் பட்டியலை உங்ககூட யார் எண்ணுறாங்க? எப்ப முடியுது?"

பதில் சொல்ல முடியவில்லை. தியேட்டர் பட்டியல் நோயாளிக்காக இருந்தது. வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் இருந்தார், அதற்கு ஒரு கடைசி வரியும் இருந்தது. என்னுடையது என் படபடப்பை அடக்க மட்டுமே இருந்தது. அடக்கிய பத்தாவது நிமிடம் அது இன்னும் பசியோடு திரும்பி வந்தது. டாக்டர் அதற்கு ஓசிடி என்று பெயர் சொன்னார், வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே மறுபடி மறுபடி செய்ய வைக்கும் மனநோய். வீடு சுத்தமாக இருக்கிறது என்பதற்காக "எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் மனசு வலிக்கிறது. அது சுத்தமும் இல்லை, பொறுப்பும் இல்லை. தூக்கத்தைத் தின்கிற நோய்.

மாத்திரை கொடுத்தார். அதோடு ஒரு பயிற்சி: பூட்டை ஒருமுறை பூட்டு, நட, திரும்பாதே. பயம் ஏறும், ஏறட்டும், தானாக இறங்கும். முதல் நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உள்ளங்கை வேர்த்து டிக்கெட் நனைந்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து, சமையலறை எரியும் காட்சி கண்ணுக்குள் மெல்ல மங்கியது. மூன்றாவது வாரம் அரை மணி. போனை எடுக்காமல் படுத்திருக்கப் பழகத்தான் மாதக்கணக்கானது.

தியேட்டரில் இன்னும் எண்ணுகிறேன், எழுதுகிறேன். பாக்கெட்டில் நோட்டு இருக்கிறது, ஒன்றே ஒன்று. போன வாரம் ஒரு கேஸ் முடிந்து நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்பிரிட் தொட்ட பஞ்சோடு போர்டுக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, துடைச்சிடவா?"

"கணக்கு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். மேடம் கையெழுத்தும் போட்டாச்சு."

"அப்ப துடைச்சிடு."