எலிசபெத் வீட்டுக்குப் போகும் வழி

மன்னார்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலில் சனம் அலைமோதுவது ஆவணித் திருவிழாவுக்குத்தான். ஆனால் எனக்கு விருப்பம் ஆடித் திருவிழா. காரணம் அந்த நாள். யூலை 2, பழைய வழிபாட்டு நாட்காட்டியில் மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா. 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது திருச்சபை அதை மே 31க்கு மாற்றிவிட்டது. மடுவில் திருவிழா நாள் மாறவில்லை. 1924இல் திருத்தந்தையின் பிரதிநிதி வந்து மடு அன்னைக்கு முடிசூட்டியதும் இதே யூலை 2இல்தான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள் என்பதால், திருவிழா நெருங்கும்போது லூக்கா நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன்.

கதை எல்லாருக்கும் தெரியும். வானதூதர் வந்து மரியாவிடம் பேசுகிறார். பேச்சோடு பேச்சாக, உன் உறவினரான எலிசபெத்துக்கு இது ஆறாம் மாதம் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். மரியா புறப்படுகிறார். “விரைந்து சென்றார்” என்று எழுதியிருக்கிறது. நாசரேத்திலிருந்து யூதேய மலைநாடு நூறு கிலோமீற்றருக்கு மேல். தானும் பிள்ளைத்தாய்ச்சி, அதுவும் ஊருக்கு இன்னும் சொல்ல முடியாத நிலை. அப்படிப்பட்ட பிள்ளை, அந்த வயதில், அவ்வளவு தூரம் போகிறது. போய், ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறது.

ஆறும் மூன்றும் ஒன்பது. எலிசபெத் வயது போனவர். கணவர் செக்கரியாவுக்கோ அந்த நேரம் பேச்சு இல்லை. அப்படியான வீட்டில் தண்ணீர் அள்ள, மா அரைக்க, அடுப்பு மூட்ட, வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மரியா இதையெல்லாம் செய்தார் என்று லூக்கா எழுதவில்லை. ஆனாலும் பிள்ளைப்பெற்ற வீட்டில் சரக்குக் கறி காய்ச்சிப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் அது விளங்கும். மூன்று மாதம் தங்க வந்த பிள்ளை விருந்தாளியாக இருந்திருக்க முடியாது.

இந்தமுறை எங்கள் ஊரவர்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்திருந்தோம். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வவுனியா, அங்கிருந்து மன்னார் வீதி. வழியெல்லாம் செபமாலை சொன்னோம். மடுச்சந்தியில் திரும்பியதும் காடு தொடங்கிவிடும். பாலையும் வீரையும் இருபக்கமும் நிற்கும். ஆடியில் பாலைப்பழம் பழுத்திருக்கும். சின்ன மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிக்கும். நாலைந்து சாப்பிட்டதும் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், வாயைத் துடைத்தாலும் போகாது. பிள்ளைகள் செபமாலையின் நடுவிலேயே பழம் கேட்டு அழத் தொடங்க, மாமி தன் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

இந்தக் காட்டுக்குள் மாதா எப்படி வந்தார் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கம் தடை. 1670இல் மன்னாருக்குப் பக்கத்தில் மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கோயிலில் இருந்த மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் பலர் தப்பி வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கு மடு என்கிற மருதமடு அப்படித்தான் உண்டானது. ஆண்டுக்கணக்காக குருவே இல்லாமல், தாங்களே செபித்து விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் என்ற குரு இலங்கைக்கு வந்த பிறகுதான் மறுபடி திருச்சபை தலைநிமிர்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14இல் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று மாலையே மடுவுக்கு வந்து செபித்தார்.

யுத்தத்திலும் அன்னைக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. 2008 சித்திரையில் சண்டை ஆலயத்தை நெருங்கியபோது குருக்கள் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆவணியில்தான் திரும்ப வந்தது. “மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்தவ” என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள். மூட்டைமுடிச்சோடு ஊர் ஊராய் அலைந்தவர்களின் வாயில் அது வெறும் பேச்சு இல்லை. வீட்டில் பேசாமல் இருந்திருக்கலாம், இருக்காமல் எலிசபெத்தின் துன்பத்துக்குள் நடந்து போன அதே தாய்தான் இவர் என்று நான் நம்புகிறேன்.

ஆலய வளவில் ஒரு மரத்தடியில் தறப்பாள் கட்டினோம். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். பக்கத்துக் கூடாரத்தில் சிலாபம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். பாட்டி, இளம் தாய், இரண்டு குழந்தைகள். திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம், எங்கள் சோறு வெந்துகொண்டிருக்கும்போது மாமி அகப்பையைப் பிடித்தபடியே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “அவையள் இன்னும் அடுப்பு மூட்டேல்ல பிள்ளை” என்றார்.

அப்புறம்தான் கவனித்தேன். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். தாய் மடியை விட்டு அதை இறக்க முடியாமல் இருக்கிறார். பாட்டிக்கு முழங்கால் ஏலாது. மற்றப் பிள்ளை பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. மாமிக்குத் தெரிந்த சிங்களம் நாலைந்து சொல்தான். அதுவே காணும் என்று போய்விட்டார். கஞ்சியை வடித்து, உப்புப் போட்டு, ஊதி ஊதி ஆறவைத்துக் குழந்தைக்குப் பருக்கினார். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தார். தாயை “நீ கொஞ்சம் படு” என்று தமிழிலேயே சொல்லிப் படுக்கவைத்தார், அவரும் விளங்கிக்கொண்டு படுத்தார். என் கணவர் ஆலய முதலுதவிக்காரரைத் தேடி அழைத்து வந்தார். நான் அவர்களுடைய சட்டிபானையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன்.

ஒலிபெருக்கியில் வேஸ்பர், அதாவது திருவிழாவுக்கு முதல் நாள் மாலை ஆராதனை, தொடங்கும் அறிவித்தல் கேட்டது. மாமி வருடம் முழுக்கக் காத்திருப்பதே அந்த ஆராதனைக்கும் ஆசீருக்கும்தான். “மாமி, தொடங்கப் போகுது” என்றேன். “நீங்கள் போட்டு வாங்கோ. இதுக்குக் காய்ச்சல் விடட்டும்.”

மாமியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1990களில் மடு வளவே ஒரு பெரிய அகதி முகாம். மாமியும் அப்போது அங்கே இருந்தவர். 1999 நவம்பர் 20 இரவு, தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து குழந்தைகள் உட்பட நாற்பது பேரளவில் இறந்தார்கள். அந்த இரவைப் பற்றி மாமி அதிகம் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அதே வளவில், தெற்கிலிருந்து வந்த ஒரு குழந்தையைத் தோளில் போட்டு அவர் தட்டிக்கொண்டிருந்தார். அன்று ஆராதனையில் முழந்தாளில் இருக்கும்போது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. நன்றி ஆண்டவரே என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை.

அன்று இரவு படுத்தபடி கானாவூர்த் திருமணத்தை யோசித்தேன். அங்கேயும் யாரும் மரியாவிடம் வந்து முறையிடவில்லை. பந்தி நடக்கிறது, எல்லோரும் சாப்பிடுகிறார்கள். அவர் ஒருவர்தான் பார்க்கிறார்: “திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது.” அடுத்த வீட்டில் என்ன இல்லை என்று பார்க்கிற கண் அது. புதுமை செய்தவர் இயேசு. கற்சாடிகளில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பியவர்கள் பணியாளர்கள். தண்ணீர் சுமப்பதென்றால் அது நம்மாலும் முடியும்.

திருவிழாத் திருப்பலி தமிழிலும் சிங்களத்திலும் நடந்தது. சுரூபப் பவனி வரும்போது அந்த இளம் தாய் குழந்தையோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். காய்ச்சல் விட்டிருந்தது. பவனி முடிந்து கொஞ்சம் மடு மண்ணும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

ஊருக்கு வந்து வகுப்பில் இதைத்தான் சொன்னேன். எங்கள் பங்கில் வீடு சந்திப்பு நடக்கிறது, நல்லதுதான். ஆனால் பத்து நிமிடம் செபித்து, ஒரு பிஸ்கட் பக்கற் கொடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறோம். எனக்கு அது போதாது என்று படுகிறது. மீள்குடியேறிய காலத்தில் எங்கள் கொட்டிலுக்கும் எத்தனையோ பேர் வந்தார்கள். விபரம் எழுதினார்கள், படம் எடுத்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். அவர்களில் இப்போதும் என் நினைவில் நிற்பவர் ஓர் அக்கா. வந்தார், சுற்றிப் பார்த்தார், மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார், வெயில் ஏறும்வரை கிணற்றடியைச் செருக்கித் துப்புரவாக்கித் தந்துவிட்டுப் போனார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

பிள்ளைகளிடம் கேட்டேன், எங்கள் ஊரில் எலிசபெத் வீடு எது? உடனே கை உயர்ந்தது. குளக்கட்டுப் பக்கம் இருக்கும் ஐயாவும் ஆச்சியும். ஐயா சிறுநீரக வருத்தத்துக்காக அடிக்கடி ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். போகிற நாளில் ஆச்சியும் கூடப் போவார். வீட்டில் மாடும் கன்றும் தனியே நிற்கும். கதவு பூட்டிக் கிடக்கும். திரும்பி வரும்போது சமைக்கவும் ஆளில்லை.

சரி என்று அங்கேயே கொப்பியில் எழுதினோம். ஆசுபத்திரி நாளில் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். தண்ணீர் பிடித்து வைப்பது பெரிய வகுப்புப் பெடியன்கள். முற்றம் கூட்டுவது, உடுப்புத் தோய்ப்பது பெட்டைகளின் தாய்மார். ஓடிவந்துவிடக் கூடாது, வேலை முடிந்ததும் ஆச்சியோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். எல்லாம் பங்கிட்டாயிற்று. மாட்டுக்கு வைக்கோல் போடுவது யார் என்பதில்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேருக்குள் இன்னும் பிடுங்குப்பாடு, இரண்டு பேரும் அதே வேலையைத்தான் கேட்கிறார்கள்.