கூலன்ட் கெட்ட வண்டி பிராக்டிக்கலில் வந்தால்: மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிப்போருக்கு

ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் டிரேட் இரண்டு வருடப் படிப்பு. அகில இந்தியத் தொழிற்தேர்வின் தியரியில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சரியானது எப்படியும் கண்ணில் படும். பிராக்டிக்கலில் அந்த வசதி கிடையாது. எனக்கு வந்த ஜாப், அதாவது செய்துகாட்ட வேண்டிய வேலை, ஒரு காரின் கூலன்ட் (என்ஜின் சூட்டைத் தணிக்க அதற்குள் சுற்றி வரும் திரவம்) ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது. அதற்கு நான் எப்படிப் படித்தேன், அதில் எது இன்றைக்கு ஒர்க்‌ஷாப்பிலும் கைகொடுக்கிறது என்பதை அடுத்து எழுதப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கூலன்ட் பாடத்தைப் பெரும்பாலோர் ஒரு அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். காபி நிறக் களிம்பு என்றால் என்ஜின் ஆயில், செங்கல் நிறம் என்றால் துரு, ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். மூன்றும் உண்மைதான். ஆனால் வைவாவில், அதாவது தேர்வாளர் நேரில் கேட்கும் கேள்விகளில், இது முதல் கேள்வியோடு தீர்ந்துபோகும். இரண்டாவது கேள்வி இப்படி வரும்: "கூலன்ட்டில் ஆயில் இருக்கிறது, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சியில்) ஆயில் சுத்தமாக இருக்கிறது. ஏன்?" இதற்கு அட்டவணையில் பதில் இல்லை. அழுத்தத்தில்தான் இருக்கிறது.

அதனால் முதலில் எந்தப் பாதையில் எவ்வளவு அழுத்தம் என்று படியுங்கள். ரேடியேட்டர் மூடி பெரும்பாலும் 0.9 முதல் 1.1 பார் (அழுத்தத்தின் அலகு) வரை பிடித்து வைக்கும். ஓடுகிற என்ஜினில் ஆயில் அழுத்தம் சாதாரணமாக 3, 4 பார் வரை போகும். சிலிண்டருக்குள் எரியும் நேரத்தில் உள்ள அழுத்தம் இவை இரண்டையும்விடப் பல மடங்கு. ஆயில் கூலரில் ஆயிலும் கூலன்ட்டும் மெல்லிய தகட்டுக்கு இரண்டு பக்கமும் ஓடுகின்றன. அந்தத் தகடு அரித்துவிட்டால், வண்டி ஓடும்போது ஆயில்தான் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தும் ரிசர்வ் டேங்க் நாறிக் கிடப்பது இதனால்தான். என்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே பூஜ்யமாகும். கூலன்ட்டோ சூடு ஆறும்வரை அழுத்தத்தோடு நிற்கும். ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கமாகவும் கசியும்.

என்ஜின் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் விஷயம் இன்னும் நுட்பமானது. கேஸ்கெட் எந்த இரண்டு துளைகளுக்கு நடுவில் போனது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஆயில் ஏறும் பாதைக்கும் கூலன்ட் பாதைக்கும் நடுவில் போனால் கூலன்ட்டில் ஆயில். ஆயில் திரும்பி இறங்கும் பாதையில் அழுத்தம் இல்லை. அந்தப் பக்கம் போனால் என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் கூலன்ட் இறங்கும், டிப்ஸ்டிக்கில் வெளுத்த களிம்பு ஒட்டும். சிலிண்டருக்கும் கூலன்ட் பாதைக்கும் நடுவில் போனால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். அப்போது நிறமே மாறாமல் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பிப் படித்தவர் இந்த இடத்தில் "கூலன்ட் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார். பழைய ஹெட் கேஸ்கெட் ஒன்றை ஸ்கிராப்பிலிருந்து கேட்டு வாங்கி, ஒவ்வொரு துளையும் எதற்கு என்று அதன் மேலேயே மார்க்கரால் எழுதிப் பாருங்கள். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல நோட்ஸ் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி வண்டிக்கு முன்னால் நிற்கும்போது. என்ஜின் ஆறியிருக்கிறதா என்று பார்க்காமல் மூடியில் கை வைக்காதீர்கள். பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் 1 பார் மூடியின் கீழ் 129 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென விழுந்து அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். கண்ணாடி, கையுறை இரண்டையும் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ரேடியேட்டர் கழுத்திலும் ரிசர்வ் டேங்கிலும் கூலன்ட்டைத் தனித்தனியே எடுங்கள். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுக் காயவிடுங்கள். ஆயில் இருந்தால் காகிதத்தில் ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை நிற்கும். துரு என்றால் பொடியாகப் படியும். கண்ணாடிக் குடுவையில் வைத்தாலும் தெரியும்: ஆயில் மிதக்கும், துரு அடியில் இறங்கும். ரேடியேட்டர் ஓட்டை அடைக்க ஊற்றும் பொடியும் பழுப்பாகக் கலங்கும். அதைப் பார்த்து ஆயில் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. காகிதச் சோதனை அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

டிப்ஸ்டிக்கில் சந்தேகம் வந்தால், ஒரு சொட்டு ஆயிலைச் சூடான தகட்டில் விடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளை நுரை இருந்தால் அவசரப்படாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிரான இடத்தில் சின்னச் சின்னத் தூரம் ஓடும் வண்டியில், என்ஜின் முழுச்சூடு ஏறாமல் ஈரம் அங்கே படியும். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து கூலன்ட்டும் குறையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றச் சொல்ல முகாந்திரமே இல்லை. இதைச் சொல்லத் தெரிந்தவரை எந்தத் தேர்வாளரும் மதிப்பார்.

எரிந்த வாயுவுக்கான சோதனையைக் கட்டாயம் கையால் செய்து பழகுங்கள். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கெட்டியாக உப்பினால் சந்தேகம் வலுக்கும், ஏனென்றால் கூலன்ட் சூடாகி விரிய அதற்குள் நேரமே இல்லை. உறுதிப்படுத்த பிளாக் டெஸ்டர், அதாவது கூலன்ட்டில் எரிந்த வாயு இருக்கிறதா என்று காட்டும் கருவி. ரேடியேட்டரில் கூலன்ட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, டெஸ்டரைக் கழுத்தில் பொருத்தி, மேலே தேங்கும் காற்றை நீல திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். டீசல் வண்டியில் மாற்றம் மெதுவாக வரும், பொறுமையாக நில்லுங்கள். கூலன்ட் திரவமே உள்ளே ஏறிவிட்டால் சோதனை வீண். "குமிழி வந்தாலே கேஸ்கெட்டா?" என்றும் கேட்பார்கள். இல்லை. கூலன்ட் புதிதாக ஊற்றியபோது சிக்கிய காற்றும் குமிழியாக வரும், ஆனால் ஏர் பிளீட் செய்து அந்தக் காற்றை வெளியேற்றியதும் நின்றுவிடும்.

பிரஷர் டெஸ்டர், ஹைட்ரோமீட்டர் இரண்டும் எல்லாப் புத்தகத்திலும் உள்ளன, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் ஒரே வரியில் போகும் மல்டிமீட்டர் சோதனையைச் சொல்கிறேன். டி.சி. வோல்ட்டில் வைத்து, கருப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை உலோகத்தைத் தொடாமல் கூலன்ட்டுக்குள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் துருத்தடுப்பு மருந்து தீர்ந்து கூலன்ட் அமிலமாகியிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்லைட், ஃபேன் போட்டதும் அளவு ஏறினால் குறை எர்த் இணைப்பில். அங்கே கூலன்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் கெடும்.

நம் ஊர் வண்டிகளில் அதிகம் பார்ப்பது ஆயிலை அல்ல, தண்ணீரை. இங்கே பனி உறைவதில்லை, அதனால் கூலன்ட் எதற்கு என்று போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கிறது, அலுமினிய ஹெட்டை அரிக்கிறது. வேறு வேறு வகைக் கூலன்ட்டைக் கலந்தாலும் சில நேரம் களியாகத் திரளும். பச்சையோடு பச்சையைச் சேர்த்தால் சரி என்பதும் தவறு. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம் மட்டுமே, டப்பாவில் எழுதியிருக்கும் வகையைத்தான் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட் எழுதும்போது "ஹெட் கேஸ்கெட் பழுது" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். என்ன பார்த்தேன், எந்தச் சோதனையால் எதை விலக்கினேன், மிச்சம் என்ன என்று வரிசையாக எழுதுங்கள். ஆயில் கூலர் மேல் சந்தேகம் என்றால் அதைக் கழற்றி, ஒரு பக்கத்தை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேருங்கள். ஹெட்டைத் திறப்பதைவிட மிகச் சின்ன வேலை அது, அதனால் முதலில் வர வேண்டும்.

கடைசியாகக் கேட்பது பெரும்பாலும் பழுது பார்த்த பிறகு என்ன என்பதுதான். ஆயில் கலந்த சிஸ்டத்தை ஒரு முறை கழுவினால் போதாது, கழுவும் நீர் தெளிந்து வரும்வரை திரும்பத் திரும்ப ஃபிளஷ் செய்ய வேண்டும். ஆயில் ஊறிய ரப்பர் ஹோஸ்கள் இளகி உப்பும், அவற்றை மாற்றச் சொல்லுங்கள். இறக்கிய கூலன்ட்டைச் சாக்கடையில் விடக்கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தரையில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும். மூடி போட்ட கேனில் பிடித்து, பெயர் எழுதி, கழிவு எடுக்க வருபவர்களிடம் கொடுக்கத் தனியே வைப்பதுவரை அந்த ஜாப்பில் சேர்த்தி.