முதல் வருடம் 99 சென்ட்

பின்னால் லாபத்துக்கு விற்கலாம் என்று டொமைன் பெயரில், அதாவது இணையதள முகவரியில், காசு போட ஆரம்பித்தது ஒரு தூக்கம் வராத ராத்திரியில். டாட் காமில் எனக்குத் தோன்றிய நல்ல சொல் ஒவ்வொன்றும் எப்போதோ போயிருந்தது. அதற்குக் கீழே பார்த்தால் அதே சொல் டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் ஆன்லைன், டாட் சைட் என்று பச்சை எழுத்தில் வரிசையாக நிற்கிறது. விலை 99 சென்ட், 1.99 டாலர். விடிவதற்குள் 11 பெயர் வாங்கிவிட்டேன். மொத்தம் 20 டாலர்கூட ஆகவில்லை. ஏதோ ஒரு தெருவையே வளைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் வந்த மடலில் அதே 11 பெயரைப் புதுப்பிக்க 283 டாலர் கேட்டிருந்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பப் போய்ப் பார்த்தால் புதுப்பிப்புத் தொகை வாங்கும் பக்கத்திலேயே, சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. படிக்காதது நான்தான்.

பிறகுதான் உட்கார்ந்து இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று படித்தேன். நாம் பெயர் வாங்குவது ரெஜிஸ்ட்ராரிடம். அவருக்கு மேலே, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் (டாட் காம் மாதிரி புள்ளிக்குப் பின்னால் வருவது) நடத்துகிற ரெஜிஸ்ட்ரி ஒன்று இருக்கிறது. ரெஜிஸ்ட்ராருக்கு விற்கிற மொத்த வியாபார விலையை வைப்பது அதுதான். டாட் காமின் அந்த விலைக்கு ஒப்பந்தத்திலேயே கடிவாளம் உண்டு: ஒரு வருடத்தில் அதிகபட்சம் 7 சதவீதம் ஏற்றலாம், அதுவும் 6 வருடத்தில் 4 வருடம் மட்டும். புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. புதுப்பிப்பு விலையை ஏற்றுவதற்கு 6 மாதம் முன்னால் ரெஜிஸ்ட்ரார்களுக்குச் சொல்லிவிட்டால் போதும். 2017இல் ஒரு ரெஜிஸ்ட்ரி தன் கையிலிருந்த சில எக்ஸ்டென்ஷன்களின் விலையைப் பல மடங்கு ஏற்றியது. பெரிய ரெஜிஸ்ட்ரார் ஒருவர் அந்தப் பெயர்களை விற்பதையே நிறுத்திவிட்டார்.

ரெஜிஸ்ட்ரி பக்கத்து நியாயமும் புரிகிறது. 2012இல், டொமைன் பெயர்களை மேற்பார்க்கிற ஐகேன் அமைப்பு புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுக்குக் கட்டணம் 1,85,000 டாலர். அவ்வளவு கட்டியவர் அதை யாரிடம் எடுப்பார்? ராத்திரி தூக்கம் வராமல் 11 பெயர் வாங்குகிறவனிடம்தான்.

எனக்கு உறைத்தது ஒரு சின்னக் கணக்கு. 100 பெயர் வைத்திருந்தால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்பது இந்த வியாபாரத்தில் ரொம்ப நாளாக இருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது. அந்த நூறும் பத்துப் பத்து டாலரில் புதுப்பிக்கிற டாட் காமாக இருந்தால், அந்த ஒரு விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் பிழைத்தோம். முப்பது முப்பது டாலர் என்றால் 3,000 வேண்டும். ஆனால் மாற்று எக்ஸ்டென்ஷனுக்கு வாங்குகிறவர்கள் டாட் காமைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள். அதாவது செலவு கூடுதல், வரவு குறைவு. இது தெரிந்த பிறகும் மூன்று பெயர் வாங்கினேன், அது வேறு கதை.

ஒரே ஒரு பெயர் விற்றது. டாட் ஸ்டுடியோவில் முடிவது. புள்ளிக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் படித்தால் ஒரே சொற்றொடராக வாய்க்குள் உட்காரும். அந்த 11 பெயரில் அப்படி அமைந்தது அது ஒன்றுதான். வடிவமைப்பு வேலை செய்கிற ஒருவர் மடல் போட்டார். 1,500 டாலர் சொன்னேன். விலை அதிகம் என்று அவர் பேரம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: “வருடா வருடம் இதைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?” சொன்னேன். “அப்படியென்றால் பத்து வருடத்துக்கு உங்களுக்குக் கொடுப்பது போக நான் இவ்வளவு கட்ட வேண்டும்” என்று கணக்குப் போட்டு அனுப்பினார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. 600க்கு முடிந்தது. பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் பிடித்துவைக்கிற ஒரு எஸ்க்ரோ சேவையில் கட்டினார், நான் பெயரை மாற்றிக்கொடுத்தேன், இரண்டு நாளில் காசு வந்தது. வாங்குகிறவர் என்னிடம் பெயரை வாங்குகிறார், கூடவே ரெஜிஸ்ட்ரிக்குக் கட்ட வேண்டிய வாடகையையும் வாங்கிக்கொள்கிறார். அந்த வாடகை என் விலையிலிருந்துதான் கழிகிறது.

அவரே பிறகு ஒரு தகவல் சொன்னார். போனில் முகவரி சொன்னால் பாதிப் பேர் கடைசியில் தாங்களாகவே ஒரு டாட் காம் சேர்த்துக்கொள்கிறார்களாம். மடல்கள் வேறு யாருக்கோ போகின்றன.

இரண்டெழுத்து எக்ஸ்டென்ஷன்கள் தனி ரகம். அவை நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் உரியவை. டாட் டிவி என்பது துவாலு என்ற பசிபிக் தீவு நாடு, டாட் ஏஐ என்பது அங்குயிலா என்ற கரீபியன் தீவு. சுமார் 15,000 பேர் வாழும் அங்குயிலாவுக்கு 2023இல் டாட் ஏஐ பதிவுகளால் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வருமானம். இந்த மொத்த விளையாட்டிலும் உறுதியாகச் சம்பாதித்தவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். என்னிடம் இருப்பது ஒரு டாட் ஐஓ. அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு. அந்தச் சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரிஷியஸுக்கு ஒப்படைக்கப்போவதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்த அன்று, என் முதலீட்டுக்காக உலக வரைபடத்தைப் பார்க்க வேண்டி வந்தது. பிரதேசம் போனால் அதன் குறியீடும் போய்விடலாமே. யுகோஸ்லாவியாவின் டாட் யுயு 2010இல் அணைக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் போய்ப் பல வருடமாகியும் டாட் எஸ்யு இன்னும் ஓடுகிறது. என் பெயர் எந்தப் பக்கம் போகுமோ. பயந்துகொண்டே இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன்.

மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். விடுவதும் உடனே நடப்பதில்லை. கெடு முடிந்த பிறகும் ரெஜிஸ்ட்ரார் சில வாரம் வைத்திருப்பார், அப்புறம் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், அதன் பிறகு 5 நாள் கழித்துத்தான் பெயர் பொதுவுக்கு வரும். அந்த ஐந்தாம் நாள் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். யாராவது பாய்ந்து எடுத்திருந்தால் ஐயோ என்று இருந்திருக்கும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்திருக்கும். எல்லாமே அப்படியே கிடந்தன. பச்சை எழுத்தில், முதல் வருடம் 99 சென்ட்.

ஒன்றைக் கூடையில் போட்டேன். காசு கட்டவில்லை. இன்னும் எடுக்கவும் இல்லை.