எரகானுக்கு அப்புறம் எனக்கு ஓடவில்லை

கிறிஸ்டோபர் பாவ்லினியின் ‘எரகான்’ நாவல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். மலைக்காட்டில் வேட்டைக்குப் போன எரகான் என்ற பையனுக்கு ஒரு நீலக்கல் கிடைக்கிறது, பார்த்தால் அது முட்டை, அதிலிருந்து சஃபீரா என்ற டிராகன் வருகிறது, அப்புறம் ஒரே ஓட்டம்தான். தக்கலை வீட்டு மொட்டைமாடியில் படித்ததால், எதிரே தெரியும் வேளிமலையிலும் ஏதோ ஒளிந்திருப்பதாகவே தோன்றும்.

2005இல் வந்த இரண்டாம் பாகமான ‘எல்டெஸ்ட்’டை அதே ஆசையோடுதான் எடுத்தேன். எரகான் எல்ஃப்கள் என்ற மாய இனத்தாரின் காட்டுக்குப் போய் ஓரோமிஸ் என்ற குருவிடம் பயிற்சி எடுக்கிறான், எடுத்துக்கொண்டே இருக்கிறான். முதல் பாகத்தில் புரோம் என்ற கிழவர் போகிற வழியிலேயே கற்றுக்கொடுப்பார், துரத்தலும் பாடமும் சேர்ந்தே நடக்கும். இங்கே கதை அப்படியே நின்றுவிடுகிறது. அப்புறம் முதல் பாகச் சண்டையில் பட்ட அந்த முதுகுக் காயம்! எத்தனை பக்கம் அவன் வலியில் துடித்தான், நானும் கூடவே துடித்தேன், கடைசியில் ஒரு விழாவில் மந்திரத்தால் சட்டென்று சரியாகிவிடுகிறது. அங்கேதான் எனக்கு விட்டுப்போனது.

ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு தப்பிக்கும் மாமன் மகன் ரோரனின் அத்தியாயங்கள் மட்டும் விறுவிறுப்பு.

மூன்றோடு முடிவதாக இருந்த தொடர் வளர்ந்து, நாலாவது பாகம் 2011இல் வந்தது. மார்த்தாண்டத்து அத்தை மகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு என்னையும் படிக்கச் சொல்கிறாள். ரோரனுக்காக வேண்டுமானால் பார்க்கலாம்.