இரவு நாள்வழி எழுதிவிட்டுப் படுங்கள்

2022 ஜூலை 24 அன்று அரசு வேலைக்காக நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்காக நான் தினமும் பதினான்கு மணி நேரம் படித்தேன். கானாடுகாத்தானில் அத்தை பார்த்துக்கொள்ளும் பழைய வீட்டின் இரண்டாம் கட்டுதான் என் படிப்பறை. சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்திருப்பேன். தேர்வறையில், எந்தப் பாடம், பக்கத்தின் எந்த ஓரம் என்பது வரை கண்ணுக்குத் தெரிந்தது. விடை மட்டும் வரவில்லை. வேலை கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஐயா துணிக்கடையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். ஒருநாள் கேட்டார்: “தம்பி, நாளெல்லாம் படிக்கிறியே, இன்னைக்கு வரவு என்ன?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கடை சாத்துவதற்கு முன் நாள்வழியில், அதாவது அன்றாடக் கணக்கேட்டில், வரவு செலவு எழுதி, கையிருப்பு சரியா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்களாம். அப்புறம்தான் கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு, கடைசியில் மொத்த நிலையைக் காட்டும் ஐந்தொகை எல்லாம். படிப்புக்கும் இது வேண்டும் என்று அன்றே பட்டது.

ஒரு நோட்டு வாங்கினேன். இரவு சாப்பிட்டதும், அன்று படித்ததில் நினைவில் நிற்பதைப் புத்தகம் திறக்காமல் பத்து நிமிடம் எழுதுவேன். அதுதான் வரவு. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையில் குறிப்பேன். மருது பாண்டியரின் திருச்சி அறிக்கைக்கு 1806 என்று எழுதியிருந்தேன். அது வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு; அறிக்கை வந்தது 1801-இல். நம் சிவகங்கைச் சீமையின் கதை, ஐந்து முறை வாசித்த பாடம்! வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடிவைத்து எழுதும்போதுதான் உண்மை வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வரிகளை மட்டும் எடுத்துப் படிப்பேன். அது என் ஐந்தொகை.

உட்காரும் முறையையும் மாற்றினேன். இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, 1980-களின் இறுதியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று பழகினார். அதனால்தான் இந்த முறைக்குப் பொமோடோரோ என்று பெயர்; இத்தாலிய மொழியில் தக்காளி என்று அர்த்தம். இலக்கணத்துக்கு அந்த அளவு எனக்குச் சரியாக இருந்தது. கணக்குக்கு ஒத்துவரவில்லை, கூட்டுவட்டி பிடிபடும் நேரத்தில் மணி அடித்துவிடும். அதற்கு 50 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொண்டேன்.

ஓய்வில் ஃபோனைத் தொடாதீர்கள். தொட்டால் அது ஓய்வே இல்லை. நான் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மல்லாந்து படுத்துவிடுவேன். மே மாத வெயிலிலும் முதுகு குளிரும். மாலையில் ஊருணி வரை வெறுங்கையோடு நடை. காலையில் முரண்டு பிடித்த கணக்குகள் பல அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது தானாகப் பிடிபட்டன. மதியம் அரை மணி தூங்கினால் அத்தை ஏதாவது சொல்வாரோ என்று பயந்தேன். அவர்தான் வெளிச்சம் விழாமல் கதவைச் சாத்திவைத்தார்.

இன்னொன்று முக்கியம். தேர்வு 3 மணி நேரம், 200 கேள்விகள், நடுவில் ஓய்வு கிடையாது. 25 நிமிடத்துக்கே பழகிய உடம்பு அங்கே பாதியில் தளர்ந்துவிடும். அதனால் கடைசி இரண்டு மாதம் ஞாயிறுதோறும் காலை 9.30 முதல் 12.30 வரை எழுந்திருக்காமல் மாதிரித் தேர்வு எழுதினேன். முதல் வாரம் 140-ஆவது கேள்வியில் கண் சொருகியது. ஆறாவது வாரம் கடைசிக் கேள்வி வரை தெளிவாக இருந்தேன். 2024 ஜூன் 9 அன்று அசல் தேர்விலும் அப்படித்தான் முடித்தேன். அதில் வேலையும் கிடைத்தது.