காக்காய்க்குக் காவல் வைத்த மணி

பங்குனி கடைசியில் வருஷத்துக்கான புளியை வாங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பத்து கிலோ. அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து ஓடு, நார், கொட்டை எல்லாம் நீக்குவார். மூன்றாம் நாள் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயவைத்து, சாயங்காலம் கல்லுப்புப் போட்டு உருட்டிப் பானையில் அடைப்பார். போன வருஷம் காக்காய் தொல்லை அதிகம். "மணியை மேலே விடுடா, பார்த்துப்பான்" என்றார். விட்டேன்.

மணி நாட்டு நாய். தெருவில் கிடைத்த குட்டி, இப்போது நாலு வயது, 14 கிலோ. காக்காயை ஒழுங்காகத்தான் விரட்டினான். மதியம் ஒரு மணிக்கு மேலே போய்ப் பார்த்தபோது வேட்டியின் ஒரு மூலை எச்சில் ஈரமாக இருந்தது. இரண்டு கை அகலத்துக்குப் புளியைக் காணோம். புதுப்புளி இல்லையா, கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும். அம்மா சிரித்துவிட்டார். நானும்தான்.

ஐந்து மணிக்கு வாந்தி எடுத்தான். பழுப்பு நிறம், நடுவில் நார், ரசம் கொதிக்கிற மாதிரி ஒரு வாடை. ஆறரைக்கு மறுபடியும். தண்ணீர் குடித்தான், அதுவும் வெளியே வந்தது. ராத்திரி தயிர்சாதத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. எங்களோடு இருக்கும் இன்னொரு நாய், கிழவி கருப்பி, அந்தத் தட்டையும் காலி செய்துவிட்டுப் போனாள்.

நாய்க்குச் சாக்லேட் ஆகாது, உலர்திராட்சை ஆகாது என்பது எனக்குத் தெரியும். புளியைப் பற்றி யோசித்ததே இல்லை. போனில் தேடியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. திராட்சை ஏன் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது பல வருஷம் புரியாத புதிராக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நாய், குழந்தைகள் பிசைந்து விளையாட வீட்டில் செய்த மாவைத் தின்றுவிட்டு, திராட்சை தின்ற நாய் மாதிரியே படுத்திருக்கிறது. அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்று சேர்ந்திருந்தது. திராட்சையிலும் இருப்பது அதே அமிலம். அதை வைத்துத் தேடிக்கொண்டே போன விலங்கு நச்சு மருத்துவர்கள், புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022-ல் எழுதியிருக்கிறார்கள். புளியின் புளிப்பே பெரும்பாலும் அந்த அமிலம்தான்.

வழக்கமாகப் போகும் மருத்துவருக்குப் போன் செய்தேன். "புளிதானே சார்? செரிக்காம எடுத்திருக்கும். நாளைக்குப் பார்க்கலாம்." அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் மதியம் நானும் சிரித்தவன்தானே. இதற்கிடையில் எதிர்வீட்டு அக்கா சொன்னார் என்று அம்மா ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைக் கரைத்து எடுத்து வந்தார், மிச்சமும் வெளியே வரட்டும் என்று. வேண்டாம் என்று தடுத்தேன். உப்புத் தண்ணீர் ரத்தத்தில் உப்பை ஏற்றி அதுவே வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். வாந்தி எடுக்க வைப்பதென்றால் தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் ஊசி போட்டுச் செய்யவேண்டிய காரியம் அது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரம்.

இரவு திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்குக் கிளம்பினோம். நாயை ஏற்றமாட்டேன் என்று இரண்டு ஆட்டோ போய்விட்டது. மூன்றாவது ஆட்டோக்காரர் சீட்டில் கோணிப்பை விரித்தார்.

அங்கே இருந்தவர் இளம் மருத்துவர், பெண். என்ன தின்றான், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எடை என்ன என்று வரிசையாகக் கேட்டார். வாந்தியைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் காட்டிய கட்டுரையை நின்றபடியே படித்துவிட்டு, "உலர்திராட்சை தின்ன கேஸ் மாதிரியே பார்த்துடலாம் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.2. சாதாரண அளவுதான் என்றதும் எனக்கு உயிர் வந்தது, வீட்டுக்குப் போகலாமா என்றேன். "இன்னிக்கு நல்லா இருக்கறது கணக்கில்ல. சிறுநீரகம் நல்லா அடிவாங்கின அப்புறம்தான் இது ஏறும். நாளைக்கும் நாளன்னிக்கும் பார்க்கணும்" என்றார். மறுநாள் 2.1. அதற்கு மறுநாள் 2.9. முதல் ராத்திரி நான் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நாள் யோசிப்பதுண்டு.

வைத்தியம் என்று பார்த்தால் பெரும்பாலும் டிரிப்ஸ்தான், கூடவே வாந்தி நிற்க ஊசி. முன்னங்காலில் ஊசிக்குழாய், சுற்றிப் பச்சை டேப், கழுத்தில் புனல். எனக்குக் கொடுத்த வேலை வேறு: எவ்வளவு மூத்திரம் போகிறான் என்று அளக்க வேண்டும். கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லியாவது வரவேண்டுமாம், டிரிப்ஸ் ஏறும்போது அதற்கு மேலேயே வரவேண்டும். வராவிட்டால்தான் பயம். காலி ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடப்பேன். காலைத் தூக்குவான், நான் டப்பாவை நீட்டுவேன், என்னைப் பார்த்துவிட்டு காலை இறக்கிவிடுவான். சந்தேகத்தோடு ஒரு பார்வை. கடைசியில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு டப்பாவை மட்டும் பின்னால் நீட்டக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை 90 மில்லி வந்தபோது, பக்கத்தில் பூனையோடு உட்கார்ந்திருந்தவர் கைகொடுத்தார்.

மூன்று நாள், இரும்பு பெஞ்சில் மூன்று ராத்திரி, சுமார் 14,000 ரூபாய். புதன்கிழமை 2.2-க்கு இறங்கியதும் அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை 1.5. ஒரு மாதம் கழித்து 1.1.

வீட்டுக்கு வந்த அப்புறம்தான் நிஜமான பஞ்சாயத்து. "உங்க தாத்தா வளர்த்த நாய் குழம்புச் சோறு தின்னே பத்து வருஷம் இருந்துச்சு" என்றார் அம்மா. உண்மைதான். சோற்றில் ஊறிய குழம்பில் இருக்கும் புளியும் கைப்பிடி புளியும் ஒன்றில்லை. ஆனால் அந்த நாய்க்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததும் இல்லையே. தவிர, குழம்பில் புளி மட்டுமா இருக்கிறது? சின்ன வெங்காயம், பூண்டு இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், சில நாள் கழித்து ஈறு வெளுத்து நாய் சோர்ந்து படுக்கும். எதனால் என்று யாருக்கும் ஞாபகம் வராது. வெளிநாட்டுப் பட்டியல்களை நம்பிக்கொண்டிருந்தவன் நான். அவற்றில் சாக்லேட் இருக்கும், மக்கடாமியா கொட்டை இருக்கும். எங்கள் வீட்டில் மக்கடாமியாவை யார் பார்த்தது? எங்கள் ஆபத்தெல்லாம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சர்க்கரைப் பொங்கலில் திராட்சை, பிரியாணி எலும்பு, மாம்பழ சீசனில் குப்பைக்கூடையில் கிடக்கும் கொட்டை. அந்தக் கொட்டை குடலில் அடைத்து அறுவை சிகிச்சை வரை போன நாயை அதே கிளினிக்கில் பார்த்தேன்.

இப்போது சோறு வடித்ததும் முதலில் நாய்களுக்கு எடுத்து வைத்துவிடுகிறோம். எலும்பில்லாத கோழி, பூசணி, சில நாள் முட்டை. தாளிப்பு கிடையாது. குப்பைக்கூடைக்குக் கொக்கி வைத்த மூடி. நாய்களைப் பழக்க இரண்டு வாரம் ஆனது. தட்டிலிருந்து ஊட்டுவதை அப்பா நிறுத்த நாலு மாதம் ஆனது.

இந்தப் பங்குனியிலும் புளி வந்தது. மாடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, குடையும் குச்சியுமாக அம்மாவே காக்காய்க்குக் காவல் உட்கார்ந்தார். மணி கதவிடுக்கில் மூக்கை வைத்து இந்தப் பக்கம் படுத்திருந்தான். சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா மிச்சமிருந்த புளியோதரையை ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்து, "மணிக்கு" என்றார்.

"அவனுக்குக் கிரியேட்டினின் பார்க்கணும், வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு அம்மா கிண்ணத்தை வாங்கி எங்கள் சமையலறைக்குள் கொண்டுபோனார்.