எத்தனை மரக்கால் தவிடு?

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி சிங்கப்பூரிலிருந்து கேட்டு மூன்று மாதம் ஆகிறது. உன் வேலையைப் பற்றி எழுது, பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எழுது என்றார்கள். தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் இரண்டுமே வரவில்லை. ஏனென்றால் என் வேலை தொடங்கியதே நம் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான், 1981இல், ஏழாம் வகுப்பில், அதுவும் நான் செய்த ஓர் அயோக்கியத்தனத்தில்.

நம் பக்கத்தில் தம்பி தங்கையை அழவைக்க ஒரு வாக்கியம் போதும், உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும்: "உன்னை ஒண்ணும் அம்மா பெக்கல, தவிட்டுக்கு வாங்கினது." அண்ணன் என்னிடம் சொல்லி, நான் தங்கையிடம் சொல்லி, அவள் பக்கத்து வீட்டு வாண்டிடம் சொல்லி, தெரு முழுக்கத் தவிட்டுப் பிள்ளைகள்தான். இதற்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் பிறந்து பிறந்து தங்காமல் போகும் வீட்டில், அடுத்துப் பிறந்ததைத் தெரிந்தவர் யாருக்காவது தவிட்டுக்கு விற்பதுபோல் விற்றுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எமன் கணக்கில் அது வேறு வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். பிச்சை, குப்பம்மாள் என்று பெயர் வைத்ததெல்லாம் அதே தந்திரம்தான்.

எங்கள் வகுப்பில் ரைஸ்மில்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி. பெயர் எழுதமாட்டேன், எங்கள் செட் ஆட்களுக்குத் தேவையில்லை, மற்றவர்களுக்கு அவசியமில்லை. அவள் டிபன் டப்பாவில் எங்களைவிட ஒரு வகை எப்போதும் கூடுதலாக இருக்கும். அன்றைக்கு மாவடு. எனக்குத் தரவில்லை. அவ்வளவுதான் காரணம், பெரிய பகையெல்லாம் கிடையாது. "உன்னை உங்கப்பா மில்லுத் தவிட்டைக் கொடுத்துதான் வாங்கினாராம்" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னேன், ஆனால் சுற்றியிருந்த யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை வெளியூரிலிருந்து கைக்குழந்தையாகக் கொண்டுவந்து வளர்த்தது ஊருக்கே தெரியும். வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதை நானும் கேட்டிருந்தேன், கேட்டதே மறந்துபோய்ச் சொல்லிவிட்டேனா, மறக்காமல்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக, "எத்தனை மரக்கா?" என்று கேட்டாள்.

தமிழய்யா பின்னால் நின்றிருக்கிறார். அவர் பிரம்பு பற்றி இந்த மலரிலேயே இன்னும் நாலு பேராவது எழுதியிருப்பீர்கள். என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. "நாளையிலேர்ந்து நீ அவ பக்கத்துல உக்காரு" என்றார். அந்த வருடம் முழுக்க உட்கார்ந்தேன். அப்புறம் யாரும் சொல்லாமலே 1987இல் பிளஸ் டூ முடிகிறவரை.

சரி, வேலைக்கு வருகிறேன். தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளோடும் அவர்களை வளர்க்கிறவர்களோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க முப்பது வருடமாக முயன்று தோற்றிருக்கிறேன். கவுன்சலர் என்றால் "எந்த வார்டும்மா?" என்று கேட்கிறார்கள். தெரபிஸ்ட் என்றால் முட்டிவலிக்கு எண்ணெய் கேட்கிறார்கள். என் பெரியம்மா மட்டும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, "பேசறதுக்கா காசு வாங்குற?" என்று கேட்டார். ஆமாம் பெரியம்மா, பல நாள் பேசாமல் இருப்பதற்கும்தான்.

திருச்சியில் சமூகப்பணி முதுகலை முடித்துவிட்டுத் தொண்ணூறுகளில் ஒரு தத்தெடுப்பு மையத்தில் சேர்ந்தேன். வேண்டாத பெண்குழந்தையைக் கொல்லாமல் அரசாங்கத் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992இல் வந்து, பேப்பரில் எல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்த காலம். என் வேலை வீட்டு ஆய்வு. தம்பதியின் வீட்டுக்குப் போய்ச் சம்பளம், உடல்நலம், அக்கம்பக்கம் எல்லாம் விசாரித்து அறிக்கை எழுதவேண்டும். பாதிப் பேர் வீட்டுப் பூஜை அலமாரியில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் மந்திரித்துக் கொடுத்த நெய் டப்பா இருக்கும், தீர்ந்துபோயும் தூக்கிப்போட மனம் வராமல். அந்த டப்பாவைப் பற்றி அறிக்கையில் எழுத ஒரு கட்டம் கிடையாது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, கட்டங்களை மட்டும் நிரப்பினேன். பிள்ளையில்லாத துக்கத்தை முழுதாக அழுது தீர்க்காமலே வேறொருத்தர் பிள்ளையை மடியில் வாங்குகிறார்கள், அந்தத் துக்கம் அப்புறம் பிள்ளைமேல் இறங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

தெரியவைத்தது தொலைபேசிதான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே வீடுகளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். "மேடம், நீங்க கொடுத்த புள்ள திருடுறான்." "நீங்க கொடுத்த புள்ள யாரைப் பார்த்தாலும் மடியில போய் உக்காந்துக்குது." நீங்க கொடுத்த புள்ள! நல்லதெல்லாம் அவர்கள் வளர்ப்பு, மற்றதெல்லாம் நான் கொடுத்தது.

இடையில் 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் ஒரு குழுவாகப் போனோம். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கேட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள், நல்ல மனசோடு வந்தவர்கள்தான் அதிகம். அரசாங்கம் அவசரப்பட்டு யாருக்கும் தூக்கிக் கொடுக்காமல் காப்பகங்களில் வைத்துப் பார்த்துக்கொண்டது. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கடல் சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துப்போகும் பிள்ளையை, ஒரே வாரத்தில் வேறு ஊர், வேறு பெயர், வேறு அம்மா என்று மாற்றினால் அது இரண்டாவது அலை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையிடம் கேள்வி கேட்காதே, பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது செய், அது பேசும் என்பது நான் அங்கே கற்றதில் முதல் பாடம். தமிழய்யா 1981இலேயே சொல்லிக்கொடுத்தது, சம்பளம் வாங்காத பயிற்சி.

அதற்குப் பிறகு வீட்டு ஆய்வை விட்டுவிட்டு, பெரியவர்களிடம் மேலும் படித்து, முழுநேரமும் இதுதான். தஞ்சாவூரில் ஒரு மாடி அறை, ஒரு ஜமக்காளம், ஒரு வாளி ஆற்று வண்டல். களிமண் வாங்கத் தனியாகக் காசு செலவழிக்கவேண்டியதில்லாத ஊரில் தொழில் செய்கிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், வயது எல்லாம் மாற்றியிருக்கிறேன், இரண்டு மூன்று வீடுகளைக் கலந்தும் இருக்கிறேன். ஐந்து வயதில் தத்து வந்தவன், கடைமடைப் பக்கம் விவசாயக் குடும்பம். வந்த மூன்றாம் வாரம் அவன் தலையணை உறையிலிருந்து எறும்பு வரிசை. உள்ளே நாலு இட்லி, ஒரு பாதி அதிரசம், காய்ந்த சோற்று உருண்டை. அம்மாவுக்கு அவமானம். "நான் என்ன பட்டினியா போடறேன்?" என்று என்னிடம் அழுதார். பட்டினி போட்டது அவர் இல்லை, ஆனால் யாரோ போட்டிருக்கிறார்கள். அது அவனுக்கு நினைவில்லை, அவன் வயிற்றுக்கு நினைவிருக்கிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் தர்க்கம் பேசிப் பயனில்லை, உடம்பு எப்போதும் ஓர் ஆபத்துக்குத் தயாராகவே நிற்கும், திட்டினால் இன்னும் இறுகும். அதனால் ஒரு டப்பா ஏற்பாடு செய்தோம். அவனுக்கென்று ஒரு எவர்சில்வர் டப்பா, அவன் எட்டும் உயரத்தில், முறுக்கு. கேட்காமல் எடுக்கலாம், எப்போதும் காலியாகக் கூடாது, யாரும் எண்ணக் கூடாது. முதல் மாதம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிரப்பினார்கள். அவன் அப்பா பொறுமை இழந்துவிடுவார் என்று நான் பயந்தேன். அவர்தான் சொன்னார்: "மேட்டூர் தொறந்தவுடனே எங்க வயல் நனைஞ்சிடுமா மேடம்? தண்ணி வந்து சேரவே நாள் ஆவும். வந்தாலும் மொதத் தண்ணி வெடிப்புக்குத்தான் போவும், பயிருக்கு இல்ல." எத்தனையோ பெற்றோரிடம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன், என் சொந்தச் சரக்கு மாதிரி.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். பேச்சே வரவில்லை, விசும்பல்தான். எனக்குக் கை நடுங்கியது. "மேடம், டப்பாவைத் தொறந்தேன், முறுக்கு சிக்கு வாடை அடிக்குது" என்றார். அவன் மறந்துவிட்டிருக்கிறான். தின்னாமல் வைத்து முறுக்கு கெட்டுப்போனதற்காக இரண்டு பெண்கள் போனில் அழுதது இந்த டெல்டாவிலேயே அன்றைக்கு மட்டும்தான் நடந்திருக்கும்.

எல்லாமே இப்படி முடியவில்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்தியை நாலு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நான் வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த வீடு. அவர்கள் கைவிடப்போவதைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை, அவர்கள் சிரித்தமுகமாகக் காபி கொடுத்ததை நம்பிவிட்டேன். காப்பகத்துக்கு அழைத்துப்போகும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது (அந்த கேட்டில் நிற்காத நினைவு நம்மில் யாருக்கு இருக்கிறது?). வெளியே வேர்க்கடலைக்காரர். வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே கேட்டாள், "அடுத்த வீட்ல மாடி இருக்குமா ஆன்ட்டி?" நான் பதில் சொல்லவில்லை. கேட் திறந்தது.

சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி சொந்தத்துக்குள் கொடுத்து வாங்குவது ஒரு வழி, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி காரா என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்து காத்திருப்பது இன்னொரு வழி. முன்பு நீதிமன்றம் ஆணை தரும், 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே தருகிறார். பெற்றவள் ஒப்படைத்த பிறகும் மனம் மாற அறுபது நாள் அவகாசம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கை மாற்றிக்கொள்வது மூன்று வருடம்வரை ஜெயிலுக்குரிய குற்றம், சொந்தக்காரர் யாராவது "எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க" என்றால் ஓடிவிடுங்கள். தத்துக்குப் பிறகு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் எனக்கு வரும் பிள்ளைகளில் பாதிக்குமேல் பன்னிரண்டு பதின்மூன்று வயது, எந்த அதிகாரியும் வருவதை நிறுத்திப் பல வருடம் ஆனவர்கள். மீசை அரும்பும்போது கண்ணாடியில் யார் முகம் என்று கேள்வி வரும். டாக்டர் வேறு, "குடும்பத்துல யாருக்காவது சுகர் இருக்கா?" என்பார்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் மன்றாடுகிறேன். மூன்று வயதில், நாலு வயதில், தூங்கவைக்கும் கதையாக. எங்கே, கேட்டால்தானே. "தெரிஞ்சா பாசம் போயிடும் மேடம்." நம் மன்னார்குடி ராஜகோபாலனைச் சாட்சிக்கு அழைப்பேன். தேவகி பெற்றாள், யசோதை வளர்த்தாள், பங்குனியில் வெண்ணெய்த்தாழி அன்று ஊரே கூடி வெண்ணெய் எறிவது அந்த வளர்ப்புப் பிள்ளைமேல்தானே? இதை ஒரு வீட்டில் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தக் குட்டிப்பெண் கேட்டாள், "கிருஷ்ணனுக்கு யாரு சொன்னா? எப்போ சொன்னாங்க? அவன் யசோதாகிட்ட கோவிச்சுக்கலயா?" எந்தப் பாகவதரிடமும் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. அம்மாவும் பெண்ணும் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள், நான் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மில்காரர் வீட்டுப் பெண்ணை நாற்பது வயது தாண்டித்தான் இதைப் பற்றிக் கேட்கத் துணிந்தேன். அவள் உங்கள் பக்கத்தில், சிங்கப்பூரில்தான் இருக்கிறாள். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நேரே மில்லுக்குப் போயிருக்கிறாள். அரவை ஓடிக்கொண்டிருந்ததாம், கத்தித்தான் கேட்கவேண்டியிருந்ததாம், என்னைக் கேட்ட அதே கேள்வியை. அப்பா போய் மோட்டாரை நிறுத்தினார். நெல் போட்டுவிட்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தவிடு படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் கேட்டுடாதம்மா" என்றார், திரும்ப மோட்டாரைப் போட்டார். அவள் கேட்கவே இல்லை. அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முப்பது வருடம் ஒரே வீட்டில், அவளுக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியுமா என்பதுகூடத் தெரியாமல் ஓடிவிட்டது.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன், வேண்டாம் என்றால் கிழித்துப்போடலாம் என்று. முழுக்கக் கேட்டாள். மாவடு விஷயம் சரிதான் என்றாள், உனக்குக் கொடுக்கக்கூடாதுன்னுதான் கொடுக்கல என்றாள். அப்புறம் கொஞ்சம் இரு என்று நிறுத்தினாள். "எத்தனை மரக்கான்னு எங்கடி கேட்டேன்? எத்தனை மூட்டைன்னு கேட்டேன். மில்லுக்காரன் பொண்ணு தவிட்டை மரக்காலுலயா அளப்பா?"